சாக்ஸபோன் ரெக்கார்டிங்: மைக் வைப்பதிலிருந்து மிக்ஸ் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்தம் பெல்லிலிருந்துதானே வருகிறது?

முழுக்க அப்படி இல்லை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் கீழே உள்ள பதில்களில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

சாக்ஸபோன் என்பது உடம்பெல்லாம் துளை போட்ட ஒரு கூம்புக் குழாய். அதன் விரிந்த வாய்தான் பெல். எல்லாத் துளைகளையும் மூடி வாசிக்கும் அடி பி-ஃப்ளாட்டில் (சுரப் பெயர்கள் எல்லாம் சாக்ஸ் நோட்டில் எழுதியிருக்கும்படி) மட்டும்தான் ஒலி முழுவதும் பெல் வழியாக வெளியேறுகிறது. மற்ற சுரங்களில், மூடிய துளைகளுக்கு அடுத்துத் திறந்திருக்கும் முதல் சில துளைகளிலிருந்தே பெரும்பகுதி வெளியே வந்துவிடும். விரல்களை எல்லாம் எடுத்துவிட்டு வாசிக்கும் நடு சி-ஷார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒலி இடது கைப் பக்கத்திலேயே, குழாயின் மேல்பாதியிலேயே கிளம்பிவிடுகிறது. ஆனால் உத்தேசமாக 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட மேற்சுரங்கள் (ஒவ்வொரு சுரத்தோடும் சேர்ந்தே ஒலிக்கும் உயர் அதிர்வெண்கள்) திறந்த துளைகளைத் தாண்டிக் குழாயோடு ஓடி, பெல் வழியாக டார்ச் வெளிச்சம் போல நேராகப் பாய்கின்றன. ஆக, ஒலியின் கூர்மை பெல்லில் இருக்கிறது, ஒலியின் உடம்பு துளைகளில் இருக்கிறது. இரண்டும் கலந்து காதில் விழும் இடத்தில் மைக் இருக்க வேண்டும்.

பெல்லுக்குள் மைக்கை நீட்டி வைத்தால் என்ன தப்பு?

கூச்சல் மிகுந்த மேடையில் அதற்குக் காரணம் உண்டு. பக்கத்து வாத்தியங்கள் குறைவாக ஏறும், ஃபீட்பேக் (ஸ்பீக்கர் ஒலி மைக்கில் புகுந்து ஊளையிடுவது) தள்ளிப்போகும். ரெக்கார்டிங்கில் அந்தக் காரணம் கிடையாது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பெல்லுக்கு நேராக 10 செ.மீ. தள்ளி மைக்கை வைத்து, அடி பி-ஃப்ளாட்டிலிருந்து நடு சி-ஷார்ப் வரை ஒரே பலத்தில் மெதுவாக ஏறி வாசிக்கச் சொல்லுங்கள். பி-ஃப்ளாட், பி, சி மூன்றும் மீட்டரை எகிறவைக்கும். ஜி, ஏ வரும்போது மீட்டர் இறங்கும். சி-ஷார்ப் அடுத்த அறையில் வாசித்தது போல மெலிந்து நிற்கும். வாசித்தவர் ஊதிய பலம் மாறவே இல்லை. இந்த மேடுபள்ளத்தைப் பிறகு ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஏற்றி இறக்கும் கருவி) போட்டுச் சமன் செய்ய முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு சுரத்துக்கும் குறை வேறு வேறாக இருக்கிறது. கம்ப்ரசர் அளவைச் சமன் செய்யும், தொனியைச் செய்யாது.

சரி, ஆல்டோ சாக்ஸுக்கும் அதைவிடப் பெரிய டெனருக்கும் மைக்கை எங்கே வைத்துத் தொடங்குவது?

வாசிப்பவரை முதலில் நிற்கவோ உட்காரவோ வையுங்கள். எப்படி வாசிக்கப்போகிறாரோ அப்படியே. உட்கார்ந்தால் சாக்ஸின் கோணமே மாறிவிடும்.

மைக்கின் தலை பெல் விளிம்பைவிடச் சற்று உயரத்தில், இடது கைக்கும் பெல்லுக்கும் நடுவிலான உயரத்தில் இருக்கட்டும். தொலைவு ஆல்டோவுக்கு 40 செ.மீ., டெனருக்கு 50 செ.மீ. மைக்கின் முகம் பெல்லின் வாயைப் பார்க்காமல், இரண்டு கைகளுக்கும் இடையே உள்ள உடற்பகுதியைப் பார்க்க வேண்டும். பெல் முன்னும் மேலுமாக நோக்குவதால், நடுக்கோட்டில் வைத்த மைக் அதன் பாய்ச்சலில் மாட்டிக்கொள்ளும். எனவே 10 முதல் 15 செ.மீ. ஓரமாக நகர்த்துங்கள். எந்த ஓரம் என்பதைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். துளைகளை மூடித் திறக்கும் கீகளின் அமைப்பு ஒவ்வொரு சாக்ஸிலும் மாறுவதால், ஒரு பக்கத்தில் கீகளின் சத்தம் மற்றப் பக்கத்தைவிட அதிகமாக இருக்கும்.

பிறகு அடி பி-ஃப்ளாட்டிலிருந்து மேல் எஃப் வரை ஒரு முறை ஏறி இறங்கச் சொல்லி 20 வினாடி பதிவு செய்து கேளுங்கள். கூர்மை மிகுந்து காது கூசினால் மைக்கைப் பெல்லின் நேர்கோட்டிலிருந்து இன்னும் விலக்குங்கள். மந்தமாக, போர்வைக்குள் இருப்பது போல இருந்தால் பெல் பக்கம் 5 செ.மீ. நகர்த்துங்கள். அடிச் சுரங்கள் மட்டும் வீங்கினால் உயர்த்துங்கள். மூக்கால் பேசுவது போல இருந்தால் தொலைவைக் கூட்டுங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. இந்தப் பத்து நிமிடம் மிக்ஸில் இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். அவசரத்தில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

சிறிய சோப்ரானோவும் பெரிய பாரிடோனும் அதே மாதிரிதானா?

நேரான சோப்ரானோவுக்கு வேறு கணக்கு. அதன் பெல் தரையைப் பார்க்கிறது, துளைகள் ஒரே கோட்டில் நீள்கின்றன. மைக்கை வாத்தியத்தின் நடு நீளத்துக்கு எதிரே, 40 முதல் 50 செ.மீ. தள்ளி, சற்று மேலிருந்து கைகளைப் பார்க்கும்படி வையுங்கள். பெல் முனைக்கு எதிரே வைத்தால் சுருங்கிய, நாதஸ்வரச் சாயலுள்ள கூர்மை மட்டும் கிடைக்கும். வளைந்த சோப்ரானோவை ஒரு குட்டி ஆல்டோவாகவே நினைத்துக்கொள்ளலாம்.

பாரிடோனுக்கு 60 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை தொலைவு தேவை. அது பெரிய வாத்தியம், கிட்டே போனால் ஒரு மூலையை மட்டும்தான் மைக் கேட்கும். அடி ஏ உள்ள பாரிடோன் 65 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. சிறிய அறையில் அந்த அதிர்வெண் சுவர்களுக்கிடையே தேங்கும். ஆகவே வாசிப்பவரை அரை மீட்டர் முன்பின் நகர்த்திப் பார்த்தாலே அடிச் சுரம் தெளிவடைவதைக் காணலாம்.

எந்த மைக் நல்லது?

இடம் சரியாக இருந்தால் சாதாரண ஷூர் எஸ்எம்57 கூட நல்ல பதிவு தரும். இடம் தவறினால் விலை உயர்ந்த மைக்கும் காப்பாற்றாது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மெல்லிய உலோகப் பட்டை அதிர்ந்து ஒலியைப் பிடிக்கும் ரிப்பன் மைக்குகள் சாக்ஸுக்கு வெகுகாலமாகப் பொருந்திவருபவை. கோல்ஸ் 4038, ராயர் ஆர்-121, பேயர்டைனமிக் எம்160 போன்றவை உயர் அதிர்வெண்களை மென்மையாகத் தருவதால், 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் சாக்ஸுக்கு இருக்கும் அரம் போன்ற கூர்மை தணிந்துவிடுகிறது. உலோக மவுத்பீஸில் ஆல்டோ வாசிப்பவருக்கு முதலில் ரிப்பனைத்தான் முயன்று பார்க்க வேண்டும். உள்ளே பெருக்கி இல்லாத பாஸிவ் ரிப்பனுக்கு, கேபிள் வழியே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் ஃபாண்டம் பவரை அணைத்துவிடுங்கள். கேபிளில் பழுது இருந்தால் அந்த மின்சாரம் ரிப்பனைச் சேதப்படுத்தும்.

டைனமிக் வகை மைக்குகளில் எலெக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20, சென்ஹைசர் எம்டி 421 இரண்டும் நம்பிக்கையானவை. மைக்கை நெருங்கினால் பேஸ் வீங்கும் இயல்பு ஆர்இ20-ல் மிகக் குறைவு என்பதால், அசைந்து வாசிப்பவருக்கு அது ஏற்றது. எம்டி 421-ன் பின்புறம் ஒரு வளையம் உண்டு. அது தற்செயலாக எஸ் பக்கம் திரும்பியிருந்தால் பேஸ் வெட்டப்பட்டு டெனர் ஒல்லியாகிவிடும். பதிவுக்கு முன் எம் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய டயாஃப்ரம் கண்டென்சர் நுணுக்கம் அனைத்தையும் பிடிக்கும். அறை நன்றாக இருந்தால் அது வரம், எதிரொலிக்கும் சிறிய அறையாக இருந்தால் அதுவே சுமை. மூச்சும் கீகளின் சத்தமும் கூடவே வரும். கண்டென்சர் வைத்தால் தொலைவை 60 செ.மீ. ஆக்கி, மைக்கில் உள்ள 10 டெசிபல் குறைப்புச் சுவிட்சைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாசிப்பவர் அசைந்துகொண்டே இருக்கிறார். அளவு ஏறி இறங்குகிறது. என்ன செய்வது?

அசையாதே என்று சொல்லாதீர்கள். அசைவோடு சேர்ந்ததுதான் வாசிப்பு. மைக்கைப் பின்னால் தள்ளுங்கள். கணக்கு இதுதான்: மைக் 30 செ.மீ.யில் இருக்கும்போது அவர் 15 செ.மீ. முன்னால் வந்தால் அளவு 6 டெசிபல் ஏறும். மைக் 60 செ.மீ.யில் இருந்தால் அதே அசைவுக்கு ஏற்றம் சுமார் 2.5 டெசிபல்தான். தொனி மாற்றமும் குறையும்.

தரையில் கால் வைக்கும் இடத்தை டேப்பால் குறித்துவையுங்கள். இடைவேளை முடிந்து வந்து நிற்கும்போதும், மறுநாள் ஒரு வரியை மட்டும் திருத்திப் பதிவு செய்யும்போதும் அந்த டேப்தான் ஒட்டுத் தெரியாமல் காப்பாற்றும். மைக் ஸ்டாண்டின் உயரத்தையும் கோணத்தையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொனி குழாய்க்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. மைக் சரியான இடத்தில்தானே இருக்கிறது?

நோட்டு ஸ்டாண்டைப் பாருங்கள். தட்டையான உலோக ஸ்டாண்ட் ஒரு கண்ணாடி போல ஒலியைத் திருப்பி மைக்குக்குள் அனுப்பும். நேராக வரும் ஒலியைவிட அது 34 செ.மீ. கூடுதலாகப் பயணித்தால் 1 மில்லி வினாடி தாமதம். அப்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். ஸ்டாண்டைப் பக்கவாட்டில் நகர்த்தி, கோணம் திருப்பி, மேலே ஒரு தடித்த துண்டைப் போடுங்கள். எதிரே 1 மீட்டருக்குள் கண்ணாடிச் சன்னலோ வெறும் சுவரோ இருந்தாலும் இதே கதைதான்.

படுக்கையறை அளவுள்ள அறையில் எடுக்க முடியுமா?

முடியும். அறையின் நட்டநடுவிலும் மூலையிலும் நிற்க வேண்டாம், இரண்டிலும் பேஸ் கோணலாகும். நீளவாக்கில் மூன்றில் ஒரு பங்கு தொலைவில், நீளமான பக்கத்தைப் பார்த்து நிற்கட்டும். தடித்த போர்வைகளை வாசிப்பவருக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். முன்பக்கத்தையே அதிகம் கேட்கும் கார்டியாய்டு மைக் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். பலரும் மைக்குக்குப் பின்னால் போர்வை கட்டிவிட்டு, ஏன் எதிரொலி குறையவில்லை என்று தவிக்கிறார்கள். தாழ்ந்த கூரை என்றால் தலைக்கு மேலும் ஒரு போர்வை வேண்டும்.

சுவர் முழுக்க மெல்லிய ஃபோம் ஒட்டாதீர்கள். அது உயர் அதிர்வெண்களை மட்டும் உறிஞ்சிவிட்டு, 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான டப்பா ஒலியை அப்படியே விட்டுவிடும். துணிகள் அடைந்த அலமாரியைத் திறந்துவைப்பது அதைவிட உதவும். எட்டு வடிவ ரிப்பன் மைக் என்றால் அதன் இரு பக்கவாட்டுகளும் செவிடு. அந்தப் பக்கவாட்டைத் தொந்தரவு தரும் சுவரை நோக்கித் திருப்புங்கள். பின்முகம் முன்முகத்தைப் போலவே கேட்கும் என்பதால் அங்கேயும் ஒரு போர்வை தேவை.

கீகளின் சத்தமும் மூச்சும் பதிவில் துருத்துகின்றன.

ஓரளவு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். எல்லாவற்றையும் துடைத்தெடுத்தால் கீபோர்டில் வாசித்த சாக்ஸ் போலாகிவிடும். துருத்துகிறது என்றால் முதலில் வாத்தியத்தைப் பாருங்கள்.

ஜி-ஷார்ப் கீயும் அடி சி-ஷார்ப் கீயும் ஓய்வில் மூடியே இருப்பவை. ஈரம் பட்ட தோல் பேட் துளையின் விளிம்போடு ஒட்டிக்கொண்டு, திறக்கும் ஒவ்வொரு முறையும் ‘ட்ச்’ என்று முத்தமிடுவது போன்ற சத்தத்தைத் தரும். மெல்லிய சிகரெட் தாளைப் பேட்டுக்கும் துளைக்கும் நடுவே வைத்து, கீயை லேசாக அழுத்திச் சில வினாடி பிடித்துவிட்டு, கீயைத் திறந்த பிறகு தாளை எடுங்கள். ஈரம் தாளில் ஏறிவிடும். அழுத்தியபடியே தாளை உருவினால் தோல் கிழியும். உலோகத்தோடு உலோகம் மோதும் ‘டக்’ சத்தம் வந்தால் எங்கேயோ ஒரு கார்க் துண்டோ ஃபெல்ட் துண்டோ விழுந்திருக்கிறது. ஒவ்வொரு கீயாகத் தட்டிப் பார்த்து, அந்த இடத்தில் புதுத் துண்டை ஒட்டச் சொல்லுங்கள்.

குழாய்க்குள் தேங்கிய நீர் கொப்பளிக்கும் சத்தமாகக் கேட்கும். ஒவ்வொரு டேக்குக்கும் (ஒரு முறை வாசித்த பதிவு) இடையே, மவுத்பீஸ் மாட்டும் வளைந்த நெக்கைக் கழற்றி உதறினால் போதும். வாத்தியம் சுத்தமாக இருந்தும் சத்தம் வந்தால் மைக் கைகளுக்கு மிக அருகில் இருக்கிறது என்று பொருள்.

கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) எவ்வளவு வைக்க வேண்டும்?

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கு அருகில் இருந்தால் போதும். 24 பிட்டில் இரைச்சல் தளம் அவ்வளவு கீழே இருப்பதால் மீட்டரை நிரப்பும் அவசியமே இல்லை. சோதனைக்கு வாசிக்கும்போது யாரும் முழுப் பலத்தில் ஊதுவதில்லை. அதனால் அடி பி-ஃப்ளாட்டை முரட்டுத்தனமாகவும், பாட்டின் உச்சக்கட்ட வரியை உள்ளபடியும் வாசிக்கச் சொல்லி, அதற்கும் மேல் 6 டெசிபல் இடம் விடுங்கள். பாஸிவ் ரிப்பனுக்கு, மைக் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப்பைக் கணிசமாகத் திறக்க வேண்டியிருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இரண்டு மைக் வைக்கலாமா?

ஒன்றில் நிறைவு வந்தபிறகு வைக்கலாம். ஒன்றில் வராதது இரண்டில் வரும் என்ற நம்பிக்கையில் வைத்தால் குழப்பம்தான் இரட்டிப்பாகும்.

பயனுள்ள ஜோடி இரண்டு. ஒன்று, உடம்பைப் பார்க்கும் ரிப்பனோடு பெல் ஓரத்தைப் பார்க்கும் டைனமிக். இரண்டையும் வாத்தியத்திலிருந்து சம தொலைவில் வையுங்கள். இரண்டு ட்ராக்கையும் மோனோவில் ஒரே அளவில் ஓடவிட்டு, ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பிப் பாருங்கள், அதாவது அலையின் மேடு பள்ளத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள். எந்த நிலையில் அடிச் சுரம் கனமாக இருக்கிறதோ அதுவே சரி. திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் ஒரே மாதிரி ஒல்லியாக இருந்தால் மைக்குகளின் தொலைவு பொருந்தவில்லை. ஸ்டாண்டை நகர்த்துங்கள்.

இரண்டாவது ஜோடி, கிட்டத்து மைக்கோடு 2.5 மீட்டர் தள்ளி ஓர் அறை மைக். கிட்டத்து மைக் 50 செ.மீ.யில் இருந்தால் அறை மைக்குக்கு ஒலி சுமார் 6 மில்லி வினாடி தாமதமாக வரும். அந்தத் தாமதம்தான் அறையின் ஆழத்தைச் சொல்கிறது. ட்ராக்கை இழுத்து ஒட்டவைத்தால் ஆழம் போய்விடும். நல்ல அறை இல்லையென்றால் இந்த ஜோடியே வேண்டாம்.

வாசிப்பவருக்கு ஹெட்ஃபோனில் என்ன கொடுப்பது? சுருதி தவறுகிறது.

மவுத்பீஸில் கட்டியிருக்கும் ரீடின் அதிர்வு பல் வழியாகத் தலைக்குள்ளேயே கேட்பதால், இரண்டு காதும் அடைபட்டால் சுருதி சரியாகப் பிடிபடாது. ஒரு காதைத் திறந்துவைத்து வாசிக்க விடுங்கள். திறந்த பக்கத்து ஹெட்ஃபோன் ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள், இல்லையேல் மெட்ரோனோம் க்ளிக் மைக்கில் ஏறி மெல்லிய இடங்களில் காட்டிக்கொடுக்கும். அவருடைய சாக்ஸ் ஹெட்ஃபோனில் குறைவாக இருந்தால் பலமாக ஊதுவார், அதிகமாக இருந்தால் தயங்கி ஊதுவார். கொஞ்சம் ரீவெர்ப் (அறை எதிரொலி போன்ற செயற்கை ஒலி) கொடுங்கள், ஆனால் அது பதிவில் ஏறக்கூடாது. தாமதம் தெரிந்தால், மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸின் நேரடி மானிட்டரிங்கைப் பயன்படுத்துங்கள்.

சுருதிக்கு இன்னொரு காரணம் வெப்பம். குழாய்க்குள் இருக்கும் காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுருதி சுமார் 3 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு) உயரும். ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த சாக்ஸை எடுத்ததும் சுருதி சேர்த்துவிட்டு, அரை மணியில் அது ஏறிவிட்டது என்று வருந்துவதில் பயனில்லை. 15 நிமிடம் வாசித்துச் சூடேற்றிய பிறகு சுருதி சேருங்கள். நீண்ட இடைவேளைக்குப் பின் மறுபடியும் சரிபாருங்கள்.

போனில் பதிவு செய்தால்?

1.5 முதல் 2 மீட்டர் தள்ளி, மார்பு உயரத்தில், பெல்லுக்கு ஓரமாக வையுங்கள். தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டையும் இரைச்சல் நீக்கலையும் அணைக்க வசதியுள்ள ரெக்கார்டிங் ஆப் தேவை. இரைச்சல் நீக்கல் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. அது அசையாமல் நீளும் சுரத்தை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்துக் கரைத்துவிடும்.

மேடையில் மாட்டும் க்ளிப் மைக்கையே ரெக்கார்டிங்குக்கும் வைத்துக்கொள்ளலாமா?

அசைவால் அளவு மாறாது என்பது அதன் பெரிய லாபம். நேரடி நிகழ்ச்சியின் பதிவுக்கு அதுவே சரியான தேர்வு. பெல் விளிம்பில் மாட்டினாலும் மைக்கின் தலை பெல்லுக்குள் குனியக்கூடாது. வளையும் கழுத்தை முடிந்தவரை உயர்த்தி, விளிம்புக்கு மேலாக வலது கைக் கீகளைப் பார்க்கவையுங்கள். அப்படியும் கிட்டத்தில் கேட்ட ஒலியாகவே இருக்கும். ஸ்டுடியோவில் ஸ்டாண்ட் மைக் வைக்க இடம் இருக்கும்போது இதற்கு அவசியமில்லை.

மிக்ஸில் ஈக்யூ எங்கே தொடங்குவது?

அடியிலிருந்து. தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த சுரத்துக்குக் கீழே வையுங்கள். அந்தச் சுரம் ஆல்டோவில் சுமார் 139 ஹெர்ட்ஸ், டெனரில் 104, சோப்ரானோவில் 208. ஆகவே ஆல்டோவுக்கு 100, டெனருக்கு 75, சோப்ரானோவுக்கு 150, பாரிடோனுக்கு 45 ஹெர்ட்ஸ் அளவில் வைத்தால் கால் தட்டும் ஓசையும் ஏசி உறுமலும் போய்விடும், வாத்தியத்துக்குச் சேதமில்லை.

250 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை அறையின் டப்பா ஒலி சேரும் இடம். 800 முதல் 1500 வரை மூக்கொலி. 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை காதைக் குத்தும் பகுதி, ஆனால் வாத்தியத்தின் அடையாளமும் அங்கேதான் குடியிருக்கிறது. அதைப் பள்ளமாக வெட்டிவிட்டால் சாக்ஸ் கிளாரினெட்டின் தம்பி போலாகிவிடும். சில சுரங்கள் மட்டும் குத்துகின்றன என்றால் நிரந்தர வெட்டுக்குப் பதில் டைனமிக் ஈக்யூவை 3 கிலோஹெர்ட்ஸ் அருகே வைத்து, உச்சத்தில் மட்டும் 3 டெசிபல் இறங்கும்படி அமையுங்கள். ரிப்பன் மைக்கில் எடுத்தது மங்கலாக இருந்தால் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 2, 3 டெசிபல் ஷெல்ஃப் ஏற்றம் இதமாகவே கேட்கும்.

எங்கேயாவது 6 டெசிபலுக்கு மேல் திருப்ப வேண்டியிருந்தால் கையை எடுங்கள். அது மைக் வைத்த இடத்தின் குறை. மீண்டும் பதிவு செய்ய வாய்ப்பிருந்தால் பதிவு செய்யுங்கள்.

கம்ப்ரசர்?

முதலில் ட்ராக்கிலேயே சத்தமான வரிகளைக் கையால் 2, 3 டெசிபல் இறக்கி, அடங்கிய வரிகளை ஏற்றுங்கள். அதன் பிறகு கம்ப்ரசருக்குச் சிறிய வேலைதான் மிஞ்சும்: விகிதம் 3:1, அட்டாக் (பிடிக்க எடுக்கும் நேரம்) 15 முதல் 30 மில்லி வினாடி, ரிலீஸ் (விட எடுக்கும் நேரம்) 100 முதல் 200, உச்சத்தில் 3 முதல் 5 டெசிபல் குறைவு.

அட்டாக் வேகமாக இருந்தால் நாக்கு ரீடைத் தொட்டு விடும் அந்த முதல் ‘த’ நசுங்கி, சுரங்கள் ஒன்றோடொன்று வழுக்கிக்கொண்டு போகும். 1176 வகை கம்ப்ரசரின் மிக மெதுவான அட்டாக்கே 0.8 மில்லி வினாடிதான். அதில் அட்டாக் குமிழை வலப்புறம் திருப்பினால் இன்னும் வேகமாகும் என்பதையும் மறக்க வேண்டாம். அதைப் பயன்படுத்துவதென்றால் உச்சங்களை மட்டும் 2 டெசிபல் தொடவிட்டு, மீதியை எல்ஏ-2ஏ போன்ற ஆப்டிகல் வகையிடம் கொடுங்கள். கம்ப்ரஸ் செய்தபின் மூச்சும் கீகளின் சத்தமும் பெரிதாகத் தெரிந்தால் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

ரீவெர்ப் எவ்வளவு?

மெதுவான பாட்டுக்கு 1.8 முதல் 2.2 வினாடி நீளமுள்ள ப்ளேட் வகை ரீவெர்ப், வேகமான பாட்டுக்கு 1.2 வினாடி போதும். ப்ரீ-டிலே (ரீவெர்ப் தொடங்கும் முன் விடும் இடைவெளி) 30 முதல் 50 மில்லி வினாடி. அந்த இடைவெளி இருந்தால் சாக்ஸ் முன்னாலேயே நிற்கும், ரீவெர்ப் பின்னால் விரியும். ரீவெர்ப் திரும்பி வரும் சேனலில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிடுங்கள், இல்லையேல் கீகளின் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வால் முளைக்கும்.

டிலே (சற்றுத் தாமதித்து மீண்டும் ஒலிக்கும் எதிரொலி) வேண்டுமானால் 60,000-ஐ பாட்டின் வேகத்தால் வகுங்கள். நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் ஒரு தட்டு 600 மில்லி வினாடி, அரைத் தட்டு 300. வரி முடியும் இடத்தில் மட்டும் டிலே கேட்கும்படி ஆட்டோமேஷன் எழுதினால், ஓடும் வரிகள் கலங்காது.

குரலும் சாக்ஸும் சேர்ந்து வரும்போது இரண்டும் மோதுகின்றன.

இரண்டும் ஒரே அதிர்வெண் வீட்டில் குடியிருப்பவை, மோதத்தான் செய்யும். நல்ல தீர்வு இசையமைப்பில் இருக்கிறது: குரல் மூச்சு வாங்கும் இடத்தில் சாக்ஸ் பதில் சொல்லட்டும். அது இயலாதபோது சாக்ஸை 25 முதல் 30 சதவீதம் ஒரு பக்கம் நகர்த்தி, குரல் வரும்போது மட்டும் சாக்ஸின் 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் பகுதி 3 டெசிபல் இறங்கும்படி டைனமிக் ஈக்யூவுக்குக் குரலைச் சைட்செயினாக (அதை இயக்கும் தூண்டுதலாக) கொடுங்கள். தனி வாசிப்பு வந்ததும் நடுவுக்குக் கொண்டுவந்து 1.5 டெசிபல் ஏற்றுங்கள்.

ஒரே ஆள் நாலு முறை வாசித்து, பல சாக்ஸ் சேர்ந்து ஒலிக்கும் ஒரு செக்‌ஷன் போலக் கேட்கவைக்க முடியுமா?

முடியும், ஆனால் ஒரே மைக், ஒரே இடம், ஒரே ரீட் என்று நாலு முறை எடுத்தால் அந்த ஒரு தொனியின் குறையும் நாலு மடங்காக அடுக்கும். ஒவ்வொரு முறைக்கும் எதையாவது மாற்றுங்கள்: மைக்கை 30 செ.மீ. பின்னால் தள்ளலாம், வேறு மைக் வைக்கலாம், முடிந்தால் ஆல்டோவுக்குப் பதில் டெனரை எடுக்கலாம். முதல் பதிவு நடுவில், மற்றவை இருபுறமும் பரவலாக. சுரங்கள் முடியும் இடம் ஒன்றாக இருந்தால்தான் செக்‌ஷன் செக்‌ஷனாகக் கேட்கும். தொடக்கத்தில் 20 மில்லி வினாடி சிதறல் அழகு, முடிவில் அதே சிதறல் அலங்கோலம்.

எடிட்டிங்கில் மூச்சை வெட்டிவிடலாமா? சுருதித் திருத்தம் போடலாமா?

மூச்சை வெட்டாதீர்கள், 6 முதல் 10 டெசிபல் இறக்குங்கள். இரண்டு டேக்குகளை ஒட்டுவதென்றால் நாக்கால் தொடங்கும் சுரத்துக்கு ஒரு கணம் முன்னால் ஒட்டுங்கள். நீளும் சுரத்தின் நடுவில் ஒட்டினால் தொனி மாறுவது காட்டிக்கொடுக்கும். சுருதித் திருத்தத்தைத் தானியங்கியாக விட்டால் வளைவுகளையும் கீழிருந்து வழுக்கி ஏறும் தொடக்கங்களையும் பிழை என்று நினைத்துத் தட்டையாக்கிவிடும். தவறிய சுரத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அதன் நடுப்பகுதியைக் கையால் நகர்த்துங்கள். 40 சென்ட்டுக்கு மேல் நகர்த்த வேண்டியிருந்தால் வேறு டேக்கில் அந்த வரி இருக்கிறதா என்று தேடுவது மேல்.

மிக்ஸ் செய்யப்போகிறவர் வேறொருவர். அவருக்கு என்ன அனுப்புவது?

24 பிட் வேவ் கோப்புகள். பாட்டின் முதல் நொடியிலிருந்து எல்லாம் ஒரே நீளத்தில். ஒவ்வொரு மைக்கும் தனிக் கோப்பாக, ரீவெர்பும் கம்ப்ரசரும் இல்லாமல். உங்களுக்குப் பிடித்த ரீவெர்போடு ஒரு மாதிரியைத் தனியாக வையுங்கள், என்ன மனத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கோப்பின் பெயரில் வாத்தியம், மைக், பாட்டின் வேகம் மூன்றும் இருக்கட்டும். நார்மலைஸ் (அளவை உச்சம் வரை ஏற்றுவது) செய்யாமல் அனுப்புங்கள்.